வட்ட மீனும் உப்புத் தண்ணியும்

"ஏம்ப்பா, காசிமேட்டுல கூடை கூடையா மீன் வந்து எறங்குது. நீ இன்னாடான்னா துட்டு குடுத்து மீன வாங்கியாந்து, கண்ணாடிப் பொட்டில வுட்டு, அதுக்கு சோறு வேற போட்டுனுகீற!"

எங்க வீட்டு மீன் தொட்டியை முதல்முறை பார்த்தப்போ பெரியம்மா சொன்னது இது. அவங்க ராயபுரத்துல பிறந்து வளர்ந்தவங்க. மீன்னா ஒண்ணு குழம்புல இருக்கணும், இல்லைன்னா கருவாடா காயணும். மூணாவதா ஒரு இடம் மீனுக்கு உண்டுன்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் புரியவே இல்லை. அந்தத் தொட்டியில அப்போ இருந்தது ஆறு டிஸ்கஸ். அதுல ஒண்ணோட விலையைச் சொல்லியிருந்தா பெரியம்மா அன்னிக்கே மயங்கி விழுந்திருப்பாங்க. தங்கமணிக்கே பாதி விலைதான் சொல்லி வச்சிருந்தேன், அது வேற கதை :-)

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டு விஷயத்துக்கு வரேன். இது மீன் வளர்ப்பு டிப்ஸ் பதிவு இல்லை. திருவொற்றியூர்ல ஒருத்தன் டிஸ்கஸ் வளர்க்கப் போய், கடைசில தன் ஊர்த் தண்ணியோட சரித்திரத்தைப் படிச்ச கதை.

வட்டமா ஒரு மீன்

டிஸ்கஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தா நிறுத்தி, அதுக்குக் கண்ணும் செதிலும் வச்சா எப்படி இருக்கும், அதுதான். தென் அமெரிக்காவுல அமேசான் ஆறும் அதோட கிளைகளும்தான் சொந்த ஊர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த யோஹான் நாட்டரர்னு ஒரு இயற்கை ஆய்வாளர் 1817-ல பிரேசில் போனவர், 1835 வரைக்கும் அங்கேயே சுத்தி ஆயிரக்கணக்குல பறவை, பூச்சி, மீன்னு சேகரிச்சு வியன்னாவுக்கு அனுப்பினார். அவர் சேகரிச்ச மீன்களை வச்சுக்கிட்டு யோஹான் யாக்கோப் ஹெக்கல் 1840-ல இதுக்கு சிம்ஃபைசோடன் டிஸ்கஸ்னு பேர் வச்சார்.

பேர் வச்சாச்சு, ஆனா தொட்டியில உயிரோட வச்சிருக்கறதுக்கு இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. குஞ்சு பொரிக்க வச்சாலும் குஞ்சு தங்காது. மத்த மீன்களுக்குச் செய்யற மாதிரி முட்டையையும் குஞ்சையும் பெத்தவங்ககிட்டே இருந்து பிரிச்சு வேற தொட்டியில வளர்த்தாங்க. எல்லாம் செத்துப் போச்சு. காரணம் ரொம்ப எளிமையானது. டிஸ்கஸ் குஞ்சு நீந்த ஆரம்பிச்சதும் போய் ஒட்டிக்கறது அப்பா அம்மா உடம்புலதான். அவங்க தோல்ல சுரக்கற வழவழப்பான கோழைதான் அதுக்கு முதல் சாப்பாடு. கிட்டத்தட்ட தாய்ப்பால் மாதிரி. ஒரே வித்தியாசம், இங்க அப்பாவும் பால் குடுப்பார். ஒருத்தர் களைச்சுப் போனா உடம்பை ஒரு வெட்டு வெட்டிக் குஞ்சுகளை உதறி அடுத்தவர்கிட்டே தள்ளிவிடறதைப் பார்த்தா சிரிப்பு வரும். எங்க வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழுதப்போ நடந்த அதே காட்சி.

1959-ல ஹில்டிமான்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதைப் பத்திக் கட்டுரை எழுதினார். வேற எந்த மீன்லயும் இல்லாத தனித்துவமான வளர்ப்பு முறைன்னு தலைப்புலயே சொன்னார். இந்தத் 'தனித்துவம்'ங்கற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னால வேலை இருக்கு.

மெட்ராஸும் மீன் தொட்டியும்

கண்ணாடிக்குப் பின்னால மீனைப் பார்க்கறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் முயற்சியில மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு மீன்வளத் துறை 1907-ல உருவாச்சு. அடுத்த ரெண்டே வருஷத்துல, 1909-ல, மெரினா கடற்கரையில மீன் காட்சி சாலை திறந்தாங்க. யோசனை எட்கர் தர்ஸ்டனோடது. எழும்பூர் மியூசியத்தோட கண்காணிப்பாளர், தென்னிந்திய சாதிகள் பத்தி ஏழு தொகுதி எழுதினாரே, அவரேதான். 1919-ல அது மீன்வளத் துறை கைக்குப் போச்சு. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே காலியான காலத்துல அதையும் மூடினாங்க. அதோட சரி.

அதுக்கப்புறம் எங்க தலைமுறைக்குக் கலர் மீன்னா மூர் மார்க்கெட்தான். சென்ட்ரல் பக்கத்துல சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமஃபோன் தட்டு, குருவி, முயல், புறா, அதோட கண்ணாடி ஜாடியில மீன். அப்பா எனக்கு ரெண்டு கோல்ட் ஃபிஷ் வாங்கித் தந்தது அங்கதான். ஹார்லிக்ஸ் பாட்டில்ல விட்டோம், மூணு நாள்ல செத்துச்சு. 1985 மே மாசக் கடைசியில மூர் மார்க்கெட் எரிஞ்சது. மறுநாள் அப்பா பேப்பரை மடிச்சு வச்சுட்டு ஒண்ணும் பேசாம வேலைக்குப் போனது இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்புறம் கொளத்தூர். இன்னிக்குச் சென்னையில யாரைக் கேட்டாலும் கலர் மீன்னா கொளத்தூர்னுதான் சொல்வாங்க. வீட்டுக்குப் பின்னால நாலு சிமென்ட் தொட்டி, மொட்டை மாடியில ரெண்டு தொட்டின்னு குடும்பம் குடும்பமா மீன் வளர்த்து விக்கற ஊர். மோலி, கப்பி, சண்டை மீன், ஏஞ்சல்னு இங்கே வளர்ற மீன் இந்தியா முழுக்கப் போகுது. செங்குன்றம், மாதவரம் தாண்டி திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளே தொழில் பரவிடுச்சு. பெரிய படிப்பு எதுவும் இல்லாம, தண்ணியை விரல்ல தொட்டுப் பார்த்தே 'இது ஆவாது சார்'னு சொல்ற ஆட்களை நான் அங்கே பார்த்திருக்கேன்.

டிஸ்கஸ் இங்க வந்து சேர்ந்த வழி சுவாரசியமானது. அமேசான்ல இருந்து நேரா வரலை. அமெரிக்காவுல ஜாக் வாட்லி, ஜெர்மனியில எட்வர்ட் ஷ்மிட்-ஃபோக்கேன்னு சிலர் 1960-கள்ல இருந்து பொறுக்கிப் பொறுக்கி இனவிருத்தி பண்ணி நீலம், சிவப்புன்னு நிறம் ஏத்தினாங்க. அப்புறம் பினாங்கு, சிங்கப்பூர், பாங்காக் பண்ணைகள் அதைக் கைப்பற்றிச்சு. 1990-கள் தொடக்கத்துல தாய்லாந்துல 'பிஜியன் பிளட்'னு ஆரஞ்சும் கறுப்புப் புள்ளியுமா ஒரு வகை வந்து உலகத்தையே ஒரு கலக்குக் கலக்குச்சு. தென்கிழக்காசியாவுல பெருகின அந்த மீன்தான் விமானம் ஏறி மீனம்பாக்கத்துல இறங்கி, கொளத்தூர் வழியா என் கையில ஒரு பாலித்தீன் பையில வந்துச்சு. வருஷம் 2006.

பதினோரு நாள். ஆறும் போச்சு.

எங்க தண்ணியோட கதை

ஏன் செத்துச்சுன்னு கேட்டதுக்குக் கடைக்காரர் சொன்ன ஒரே வார்த்தை: "தண்ணி." டிஸ்கஸ் வாழற ஆத்துத் தண்ணி மழைத்தண்ணி மாதிரி. உப்பே கிடையாது, இலைதழை ஊறிக் கொஞ்சம் புளிப்பா இருக்கும். பிஎச் ஆறுக்குக் கிட்ட, சூடு 28-ல இருந்து 30 டிகிரி. சூட்டுக்கு நம்ம ஊர்ல பிரச்சினை இல்லை. ஐரோப்பாக்காரன் ஹீட்டருக்குக் கரண்ட் பில் கட்டியே நொந்து போவான், நமக்கு மார்கழியில மட்டும் போட்டா போதும். ஆனா எங்க வீட்டு போர் தண்ணியில டிடிஎஸ் மீட்டரை வச்சப்போ 1,400-ன்னு காட்டிச்சு. குழாய் வாயில வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்குமே, அதே தண்ணி.

எங்க தாத்தா காலத்துல அதே தெருக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சிருக்காங்க. அப்போ நடுவுல என்ன ஆச்சு? இங்கதான் நான் மீனை விட்டுட்டுத் தண்ணியைப் படிக்க ஆரம்பிச்சேன்.

வட சென்னைதான் ஒரு காலத்துல மெட்ராஸுக்கே தண்ணி குடுத்த பக்கம். 1772-ல கேப்டன் பேக்கர் திட்டத்துல தோண்டின ஏழுகிணறு, கோட்டைக்கே நல்ல தண்ணி குடுத்தது. பிறகு செங்குன்றம் ஏரி. 1960-கள்ல ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில, மீஞ்சூர் பக்கம் பூமிக்கடியில நல்ல நீர் இருக்குன்னு ஆய்வு பண்ணி ஆழ்குழாய் போட்டாங்க. நகரத்துக்கும் அங்கிருந்து எடுத்தாங்க, மணலி, எண்ணூர்னு வரிசையா வந்த தொழிற்சாலைகளுக்கும் எடுத்தாங்க, விவசாயத்துக்கும் எடுத்தாங்க. கடலோரத்துல பூமிக்கடியில நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டுத்தான் நிக்கும். நல்ல தண்ணியை உறிஞ்சிட்டா கடல் உள்ளே வந்துடும். 1969-ல மீஞ்சூர் பக்கம் கடல் நீர் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. 1983-ல சுமார் 9 கிலோமீட்டர். சத்தமே இல்லாம ஒரு சுனாமி, பூமிக்கு அடியில.

என் டிஸ்கஸைக் கொன்னது அந்தக் கடல்தான்னு சொன்னா மிகை இல்லை.

அடுத்த திருப்பம் இன்னும் வேடிக்கை. 2010-ல மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில கடல் நீரைக் குடிநீராக்கற ஆலை திறந்தாங்க. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணி மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் வந்துச்சு. எங்க தெருக் குழாயில வர்ற தண்ணியில மீட்டரை வச்சுப் பார்க்கறேன், போர் தண்ணியில பாதி கூட இல்லை! கிணத்தைக் கெடுத்த அதே கடலே, மின்சாரம் செலவழிச்சு வடிகட்டி, டிஸ்கஸுக்குத் தோதா குழாய் வழியா வீட்டுக்கு வருது. 2011-ல மறுபடி ஆறு குட்டி டிஸ்கஸ் வாங்கினேன்.

இந்த முறை ஒழுங்காப் பாடம் படிச்சிருந்தேன். குழாய்த் தண்ணியை நீல டிரம்முல பிடிச்சு ஒரு நாள் முழுக்கக் காத்து விட்டுக் குளோரினை ஓட்டுவேன். அவசரம்னா போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தின ஹைப்போ உப்பு ஒரு சிட்டிகை. அதுல பாதி ஆர்.ஓ. தண்ணி கலப்பேன். தெருவுல நிக்கற வாதாமரத்துல இருந்து காய்ஞ்சு விழுந்த இலையைக் கழுவிப் போட்டா தண்ணி டீ நிறமா மாறும், மீனுக்கு அது அமேசான் மாதிரியே. தெருப்பெருக்கற அம்மா நான் இலை பொறுக்கறதைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பாங்க. சாப்பாட்டுக்கு மாட்டு இதயத்தைக் கொழுப்பெடுத்து அரைச்சு, ஃப்ரீசர்ல தகடு தகடா வச்சிருப்பேன். அதுக்குத் தங்கமணி தனி டப்பா, தனிக் கத்தி, தனித் திட்டு.

கூட்டுக் குடும்பம் மாதிரி எல்லா மீனையும் ஒரே தொட்டியில விட ஆசைப்பட்டு அடிபட்டதும் உண்டு. டிஸ்கஸ் நிதானமாச் சாப்பிடற பெரிய மனுஷன். பார்ப் மாதிரி துள்ளற மீனோட விட்டா பட்டினி கிடக்கும். பாசி திங்குமேன்னு சக்கர் மீனை விட்டா, அது ராத்திரியில டிஸ்கஸ் உடம்புல ஒட்டிக் கோழையை உறிஞ்சும். ஏஞ்சல் பார்க்க அழகா இருக்கும், நோயையும் கூடவே கொண்டு வரும். நியான் டெட்ராவுக்கு 30 டிகிரி சூடு தாங்காது. கடைசியில ஒத்து வந்தது கார்டினல் டெட்ரா ஒரு இருபது, அடியில மேயறதுக்கு நாலைஞ்சு கோரி. அந்தத் தொட்டி எட்டு வருஷம் நின்னுச்சு. ரெண்டு முறை குஞ்சு பொரிச்சுது. அப்பாவும் அம்மாவும் குஞ்சைக் கைமாத்தறதை என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்ம் கூட மாத்தாம உட்கார்ந்து பார்ப்பா.

2019 கோடை. ஏரி எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி ஏத்தி வில்லிவாக்கத்துக்குக் கொண்டு வந்த வருஷம். எங்க தெருவுல குழாய் நின்னு போச்சு, லாரித் தண்ணிதான். ஒரு ராத்திரி அவசரத்துல, டிரம்முல ஊற வைக்காம, ஹைப்போவை மட்டும் வழக்கமான அளவு போட்டுத் தண்ணி மாத்தினேன். அன்னிக்கு வந்த லாரியில குளோரின் எக்கச்சக்கமா இருந்திருக்கு. மூக்கை வச்சு மோந்து பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கலை. காலையில அஞ்சு மீன் ஒருக்களிச்சுக் கிடந்துச்சு. தப்பு லாரிக்காரர் மேல இல்லை, குடிக்கற தண்ணிக்குக் குளோரின் போட்டுத்தான் ஆகணும். தெருவே குடத்தோட வரிசையில நிக்கும்போது நான் மீனுக்காக அழுதேன்னு வெளியே சொல்லவும் கூச்சமா இருந்துச்சு. பொண்ணு மட்டும் ரெண்டு நாள் பேசலை. தொட்டியைக் கவுத்து மொட்டை மாடியில போட்டேன்.

முகத்துவாரத்துல ஒரு சொந்தக்காரன்

2024 தொடக்கத்துல எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனேன். நெட்டுக்குப்பத்துல இருக்கற நண்பர் ஒருத்தர், என்னோட வேலை பார்த்தவர், "வந்து பாரு, எண்ணெய் இன்னும் போகலை"ன்னு கூப்பிட்டார். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கம் இருந்து எண்ணெய் அடிச்சுக்கிட்டு வந்து முகத்துவாரம் முழுக்கப் படிஞ்சது எல்லாருக்கும் தெரியும். 1970-ல இருந்தே ஒண்ணு மாத்தி ஒண்ணா வந்த அனல் மின் நிலையங்களோட சாம்பல், மூடப்பட்ட கழிமுகம், அதுக்கு மேல இது. அலையாத்திச் செடிகளோட தண்டுல கறுப்பா ஒரு கோடு, யாரோ அளவெடுத்துப் பெயின்ட் அடிச்ச மாதிரி. தண்ணியில உட்கார்ந்து கையாலயே இறால் தடவிப் பிடிச்சு, வாயில கவ்வின பறியில போடற இருளர்களைப் பத்தி நண்பர் சொன்னார். அந்தத் தண்ணியில எப்படி உட்காருவாங்கன்னு நான் கேட்கலை.

கொஞ்சம் தள்ளி, எண்ணெய் அதிகம் எட்டாத ஒரு கால்வாய் மடுவுல, நண்பர் சின்ன வலையை வீசி எடுத்தார். நாலஞ்சு சின்ன மீன். உள்ளங்கை அகலம் கூட இல்லை. தட்டையா, வட்டமா, மஞ்சள் கலந்த ஆரஞ்சு, உடம்பு நடுவுல கறுப்புப் புள்ளி. ஒரு நொடி நெஞ்சு நின்னுச்சு. குட்டி டிஸ்கஸ்!

டிஸ்கஸ் இல்லை. ஆனா சொந்தக்காரன். ஆரஞ்சு குரோமைட்னு மீன் கடைக்காரங்க சொல்றது இதைத்தான். டிஸ்கஸ் எந்தக் குடும்பமோ, சிக்லிட், இதுவும் அதே குடும்பம். அமெரிக்காவுலயும் ஆப்பிரிக்காவுலயும் நூத்துக்கணக்குல இருக்கற அந்தக் குடும்பத்துக்கு இந்தியாவுல சொந்தமா மூணே மூணு வகைதான். கேரளாக்காரங்க கொண்டாடற கரிமீன் ஒண்ணு, கர்நாடகா பக்கத்து ஆறுகள்ல ஒண்ணு, மூணாவது இவன். 1795-ல பெர்லின்ல இருந்த மீனறிஞர் ப்ளோக் இவனுக்கு அறிவியல் பேர் வச்சார். அந்த ப்ளோக்குக்கு நம்ம கரை மீன்களைப் பாட்டில்ல அடைச்சு அனுப்பிக்கிட்டிருந்தவர் தரங்கம்பாடியில இருந்த ஜான் பாதிரியார். அதாவது டிஸ்கஸுக்குப் பேர் கிடைக்கறதுக்கு 45 வருஷம் முன்னாடியே நம்மாளுக்குக் கிடைச்சாச்சு.

இப்போ அந்தத் 'தனித்துவம்'. ஹில்டிமான் எழுதி எட்டே வருஷத்துல, 1967-ல, வார்டு, பார்லோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஆரஞ்சு குரோமைட் குஞ்சுகளைப் பத்தி எழுதினாங்க. இதுங்களும் அப்பா அம்மா உடம்புல போய் மோதி மோதிக் கோழையைக் கொறிக்குதுங்க! டிஸ்கஸ் மாதிரி அதையே நம்பி வாழலை, மத்த தீனியும் தின்னும். ஆனா பழக்கம் அதே பழக்கம். இன்னொண்ணும் படிச்சேன். கரிமீனோட உடம்புல வர்ற பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் இந்தச் சின்ன மீன் கொத்திச் சுத்தம் பண்ணுமாம். பெரியவனுக்குச் சின்னவன் வைத்தியன். பினாங்கு டிஸ்கஸைக் கண்ணாடிக்குள்ள பார்த்து நானும் பொண்ணும் வாயைப் பிளந்துக்கிட்டு இருந்த எட்டு வருஷமும், அதே கூத்து வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல, யாரும் பார்க்காம, சாம்பல் தண்ணியில நடந்துக்கிட்டு இருந்திருக்கு.

நண்பர் நாலையும் தண்ணியிலயே விட்டுட்டார். "இது எதுக்கு, குழம்புக்கும் ஆவாது."

இப்போ மொட்டை மாடித் தொட்டி மறுபடி கூடத்துக்கு வந்தாச்சு. கொளத்தூர்ல தேடிப் பிடிச்சு ரெண்டு ஜோடி ஆரஞ்சு குரோமைட் வாங்கினேன். விலையைச் சொன்னா சிரிப்பீங்க, ஒரு டிஸ்கஸ் காசுல ஒரு பட்டாளமே வாங்கலாம். இந்த முறை தங்கமணிகிட்டே முழு விலையையும் சொன்னேன் :-) ஆர்.ஓ. தண்ணி வேண்டாம், வாதா இலை வேண்டாம். எங்க வீட்டு போர் தண்ணி, அந்த 1,400 டிடிஎஸ் உப்புத் தண்ணி, அப்படியே ஊத்தினேன். முகத்துவாரத்து மீனுக்கு அது பஞ்சாமிர்தம் மாதிரி. போன மாசம் ஒரு பூந்தொட்டிக்கு அடியில முட்டை வச்சு, குஞ்சும் வந்துச்சு. பொண்ணு இப்போ காலேஜ். வீடியோ கால்ல காட்டினேன். "அப்பா, மோதுதுப்பா, மோதுது!"ன்னு அங்க இருந்து கத்தினா.

டிஸ்கஸை வெறுத்துட்டேன்னு நினைக்காதீங்க. கொளத்தூர் போனா இன்னிக்கும் அந்தத் தொட்டி முன்னாடிதான் அதிக நேரம் நிப்பேன். பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கற ஒரு ஆத்துத் தண்ணியை வீட்டுக்குள்ள செய்யறதுக்கு எட்டு வருஷம் மெனக்கெட்டேனே, அதுல கத்துக்கிட்டதுதான் என் கிணத்தோட கதையே. ஆனா ஒரு கணக்கு மட்டும் இடிக்குது. என் தொட்டி மீன் செத்தா எனக்கு உடனே தெரியுது, பிஎச் பார்க்கறேன், மோந்து பார்க்கறேன், ராத்திரி முழிக்கறேன். எண்ணூர் முகத்துவாரத்துக்கு யார் தினமும் மீட்டர் வைக்கறது? பார்க்கற கண்ணு நெட்டுக்குப்பத்துலயும் காட்டுக்குப்பத்துலயும்தான் இருக்கு. அவங்க சொல்றதைத்தான் யாரும் கேட்கறதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி போறேன், டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கிட்டு. யாராச்சும் வரீங்கன்னா சொல்லுங்க. திருவொற்றியூர் தேரடியில சேர்ந்து போகலாம், டீ என் செலவு.

டிஸ்கி: முகத்துவாரத்துல இருந்து மீனைப் பிடிச்சுட்டு வந்து தொட்டியில விடாதீங்க. அதே மாதிரி அலுத்துப் போன தொட்டி மீனை ஏரியில கொண்டு போய் விடாதீங்க. சக்கர் மீன் நம்ம ஏரிகள்ல பெருகினது அப்படி விட்டதாலதான்.